வேஸ்ட் கார்டின் மறுபக்கம்

ஏழுகிணறு ரோவர்ஸ் ஏழு கோல் வாங்கிய அன்று
எதிர்ப்பக்கம் ஒருத்தன் கத்தினான்:
"கிணத்துக்கு ஒண்ணுடா!"
நானும் சிரித்துவிட்டேன்.
இன்றுவரை உறுத்துவது
அந்த ஏழு இல்லை, என் சிரிப்பு.

ஆண்டர்சன் தெருவில்
கல்யாணப் பத்திரிகை மடிப்பவள் நான்.
சனிக்கிழமை அரைச் சம்பளம் போனாலும்
கண்ணப்பர் திடலுக்கு நடந்தே போய்விடுவேன்.
முதலாளி கேட்பார்:
"யாரும்மா அதுல, சொந்தமா?"
இல்ல சார்.
"காசு கீசு கட்டியிருக்கியா?"
இல்ல சார்.
"பின்னே?"
பதினான்கு வருஷமாகிறது,
அந்தப் பின்னேவுக்கு இன்னும் பதில் வைக்கவில்லை.

மழை ஆட்டம் ஒன்று.
ஒன்றுக்கு ஒன்று, எண்பத்தொன்பதாவது நிமிஷம்.
டிரா போதும், இரண்டாம் டிவிஷனில் தங்கிவிடலாம்.
நிதானமாகத்தான் தள்ளினான் இம்தியாஸ்,
நம்ம கோலிக்கு, நம்ம பந்தை.
சேற்றில் அது ஒரு தரம் நிற்கப் பார்த்தது,
மனசு மாறியது.
கையால் எடுத்தால் தப்பு, காலால் உதைக்கணும் என்று
டில்லிபாபு நினைத்து முடிப்பதற்குள்
அடுப்படிக்குள் நுழையும் பூனை மாதிரி
காலிடுக்கில் புகுந்து போனது.
யாரும் கத்தவில்லை.
அது கோல் என்று விளங்க
ஜெயித்தவர்களுக்கே இரண்டு விநாடி பிடித்தது.
விசில் ஊதிய பிறகும் டில்லிபாபு
கையுறையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே இருந்தான்,
பெரியமேட்டில் பெய்ததெல்லாம்
அதற்குள்தான் இருந்தது போல.

ஆடாமலே தோற்றதும் உண்டு.
பாதிப் பசங்கள் வியாசர்பாடி.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவுத் தண்ணீர்.
வந்து சேர்ந்தது ஆறு பேர்.
ஏழு பேர் இருந்தால் ஆட விடுவார்களாம்.
எதிரணி பதினொன்றும் அவரவர் இடத்தில் நிற்க
எங்கள் பாதி மைதானம்
வெயில் காய்ந்துகொண்டிருந்தது.
ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
ஆறு... ஏழு என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன்.
எண்ணத்தான் முடிந்தது.

இதெல்லாம்கூடச் சொல்லிவிடலாம்.
கிளாட்வின் கதைதான் தொண்டையில் நிற்கிறது.

எங்கள் ஒன்பதாம் நம்பர்.
ஒரு சீசனில் நாங்கள் போட்டது பதினாலு கோல்,
அதில் பதினொன்று அவனுடையது.
பேங்க் டீமில் கூப்பிட்டார்கள். வேலை, பி.எஃப்., எல்லாம்.
போகாதே என்று யார் வாயால் சொல்வது?
அவன் கல்யாணப் பத்திரிகை முந்நூறையும்
நான்தான் மடித்தேன்.
ஒன்றில்கூட ஓரம் பிசகவில்லை.

அடுத்த வருஷம் அதே திடலில்
எங்களுக்கு எதிராக இறங்கினான்.
இடது காலால் ஒரே தட்டு.
மூலையில் எங்கே போகும் என்று
உதைக்கும் முன்பே எனக்குத் தெரியும்.
போட்டுவிட்டு ஓடவில்லை.
சட்டையைத் தூக்கவில்லை.
எங்கள் பக்கம் திரும்பிக்
கைகூப்பினான்.
எங்கள் பக்கம் என்றால்
ஒன்பது பேர், ஒரு டீக்கேன் சைக்கிள்.

கொண்டாடியிருக்கலாம் பாவி.
வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

மணப்பெண் பெயர் பிழையாகி
ஒதுக்கிய கார்டுகளில்தான் ஸ்கோர் எழுதுகிறேன்.
முன்பக்கம் மஞ்சள் பிள்ளையார், சுபமுகூர்த்தம்.
பின்பக்கம் பூஜ்யத்துக்கு நாலு.
பிஸ்கட் டப்பா ஒன்று நிரம்பி
இரண்டாவது பாதிவரை வந்துவிட்டது.

நாளை மூன்று மணிக்கு ஆட்டம்.
கார்டில் இரண்டு டீம் பெயரும் எழுதியாயிற்று.
நடுவே இடம் விட்டிருக்கிறேன்.
அவர்களுக்கு ஓர் எண் பிடிக்கும்.
எங்களுக்கு, நெருக்கி எழுதினால்,
இரண்டு.